இறைவன் இல்லாத ஊர் உண்டோ?

எங்கும் நிறைந்தவன் இறைவன் என்னும் தொடரை நாம் அனைவரும் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். தூணிலும் உளன், துரும்பிலும் உளன் என்று பாட்டியர் சொன்ன பிரகலாதன் கதையில் அது வந்தது. கிறித்தவர் இல்லங்களில் 'சர்வவியாபி' என்னும் சொல்லாக மாலை ஜெபத்தில் வந்தது. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த காசினைப் போல அச்சொல் நம்மிடையே வழங்கி வருகிறதேயன்றி, அதன் முகத்தில் பொறித்திருப்பது யாது என நாம் உற்று நோக்குவதில்லை.

நோக்கப் புகுந்தால் வினாக்கள் பல எழுகின்றன. எங்கும் உள்ளவனைத் தேடி ஓரிடத்துக்குச் செல்வானேன்? கொடுமை நிகழும் இடத்திலும் அவன் இருந்தானாயின் வாளா இருந்தது எங்ஙனம்? பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் கல் தொலைவில் பிழைக்க வந்துள்ள நம்மைப் போன்றோர்க்கு, ஊரில் விட்டுவந்த தெய்வம் இங்கும் துணை நிற்குமா? இவ்வினாக்களைக் கிறித்தவ சமயம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஈண்டுச் சிறிது காண்போம். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், வேற்றூரில் வாழும் நமக்கு அந்த வரலாறு அயலானதாகத் தோன்றாது.

மண்ணோடு கட்டுண்ட தெய்வம்

விவிலியம் தோன்றிய பண்டைய மேற்காசியாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தெய்வம் இருந்தது. அத்தெய்வத்தின் ஆட்சி அந்நாட்டின் எல்லையோடு முடிந்தது. அரசர்களின் வரலாற்றைக் கூறும் பகுதியில் இதற்கு அழகான சான்று உண்டு. இஸ்ரவேலரிடம் தோற்ற சீரிய அரசனுக்கு அவன் அமைச்சர்கள் ஒரு யோசனை கூறுகின்றனர். இஸ்ரவேலரின் தெய்வம் மலைத் தெய்வம். ஆதலால் மலைநாட்டில் அவர்கள் வென்றனர். சமவெளியில் போரிட்டால் நாமே வெல்வோம் என்பது அவர்கள் கணக்கு. அவ்வாறே சமவெளியில் போரிட்டு, மீண்டும் தோற்றனர்.

இதனினும் நெஞ்சைத் தொடுவது நாமான் என்னும் சீரியப் படைத்தலைவனின் கதை. தொழுநோயால் வருந்திய அவன், எலிசா என்னும் இறைவாக்கினரின் சொற்படி யோர்தான் ஆற்றில் ஏழுமுறை மூழ்கி நலம் பெற்றான். ஊர் திரும்பும் வேளையில் அவன் கேட்ட பொருள் வியப்பளிப்பது. இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இந்நாட்டு மண்ணை எனக்குத் தாருங்கள் என்றான். அம்மண்ணைத் தன் ஊரில் பரப்பி, அதன்மேல் நின்று வணங்கினாலன்றி இந்நாட்டுக் கடவுளுக்குத் தன் வழிபாடு சென்று சேராது என்று அவன் கருதினான் போலும்.

நாமானைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும், விடுமுறை முடிந்து வடக்கே திரும்பும் இரயிலில் குலதெய்வத்தின் திருநீற்றையோ, வேளாங்கண்ணியிலிருந்து கொணர்ந்த எண்ணெயையோ பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வருபவர்கள் அல்லமோ நாம்? எலிசாவும் அவனைக் கடியவில்லை. அமைதியோடு போய் வருக என்று விடை கொடுத்தார். புதிதாய் நம்பத் தொடங்கியவனுக்குக் கைப்பிடி மண் ஒரு பற்றுக்கோடு என்பதை அப்பெரியவர் அறிந்திருந்தார் எனலாம்.

ஓடியவர் இருவர்

இவ்வெல்லைகளை உடைத்த கதைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. இரண்டிலும் வருபவர் ஓடிப்போகும் மனிதர்.

முதலாமவன் யாக்கோபு. தந்தையை ஏமாற்றி ஆசி பெற்று, தமையனின் சினத்துக்கு அஞ்சி வீட்டைத் துறந்து ஓடுகிறான். வழியில் இரவு கவிகிறது. ஒரு கல்லைத் தலைக்கு வைத்து வெட்டவெளியில் உறங்குகிறான். விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் ஏணி நிற்பதாகவும், தூதர்கள் அதில் ஏறி இறங்குவதாகவும் கனாக் காண்கிறான். விழித்தெழுந்தவனுக்கு ஏற்பட்டது அச்சம். இறைவன் இங்கும் இருக்கிறார், நான்தான் அறியாதிருந்தேன் என்னும் உணர்வு அது. பெயரறியாப் பாதையோரத்துக்குக் 'கடவுளின் இல்லம்' என்று பொருள்படப் பெத்தேல் எனப் பெயரிட்டான். அவன் உறங்கிய இடம் கோயில் அன்று. அவனும் புண்ணியவான் அல்லன். வீட்டை விட்டு ஓடிய குற்றவாளி ஒருவனுக்கு வழிநடையில் கிடைத்த காட்சி அது.

இரண்டாமவர் யோனா. அசீரியரின் பெருநகராகிய நினிவேக்குச் சென்று எச்சரிக்குமாறு இறைவன் பணிக்க, அவரோ எதிர்த்திசையில் தர்சீசுக்குக் கப்பல் ஏறினார். புயல் அடித்தது. மாலுமிகள் அவரை யார் என்று வினவ, கடலையும் நிலத்தையும் படைத்த விண்ணகக் கடவுளை வழிபடுபவன் யான் என்று விடையிறுத்தார். கடலைப் படைத்தவரிடமிருந்து கடல் வழியே தப்ப முயன்ற இம்மனிதரின் அறியாமையை அந்நூல் மெல்லிய நகையோடு காட்டுகிறது.

யோனா ஏன் ஓடினார்? நினிவே மக்கள் மனம் மாறினால் இறைவன் மன்னித்துவிடுவார். பகைவர் மன்னிக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. நூலின் இறுதியில் இறைவன் அவரிடம் கேட்கும் வினா, ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களும் திரளான கால்நடைகளும் உள்ள அந்நகர்மீது நான் இரங்கலாகாதா என்னும் கருத்துடையது. வினாவுக்கு யோனா சொன்ன விடையை நூல் கூறாமலே முடிகிறது. இறைவன் எங்கும் உளன் என ஒப்புக்கொள்வதில் உள்ள இடர்ப்பாடு இங்கே வெளிப்படுகிறது. நம் வீட்டில் அவன் இருப்பது நமக்கு உவப்பு. நம் பகைவன் வீட்டிலும் அதே பரிவோடு அவன் இருக்கிறான் என்பது எளிதில் செரிப்பதில்லை.

கோயில் இடிந்த பின்னர்

எருசலேமில் சாலமோன் மன்னன் பெருங்கோயில் எழுப்பினான். அதன் அர்ப்பணிப்பு நாளில் அவன் செய்த வேண்டுதல் கருதத்தக்கது. வானங்களும் கொள்ளாத ஒருவரை நான் கட்டிய இவ்வீடு கொள்ளுமோ என்று அவன் ஐயுற்றான். தொலைநாட்டிலிருந்து வரும் அயலான் இங்கு நின்று வேண்டினாலும் கேட்டருள்க என்றும் இறைஞ்சினான். இவ்வளவு தெளிவிருந்தும், பிற்கால மக்கள் கோயில் இருக்கும்வரை தமக்குக் கேடில்லை என்று எண்ணினர்.

கி.மு. 586 அளவில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை அக்கோயிலை இடித்து எரித்தது. மக்களுள் பலர் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டனர். மண் பறிபோயிற்று; அரசு அழிந்தது; கோயில் சாம்பலாயிற்று. பண்டைய நம்பிக்கையின்படி அவர்களுடைய கடவுளும் அன்றோடு தோற்று மறைந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு.

கோயில் வீழ்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சிறைப்பட்டுச் சென்ற எசேக்கியேல் என்னும் குரு, பாபிலோனியக் கால்வாய்க் கரையில் ஒரு காட்சி கண்டார். இறைவனின் அரியணைக்குச் சக்கரங்கள் இருந்தன. சக்கரத்துக்குள் சக்கரமாய், எத்திசையிலும் திரும்பாமலே செல்லக்கூடியவையாய் அவை அமைந்திருந்தன. இதன் உட்பொருள் எளிது. இறைவனின் அரியணை எருசலேமில் ஆணியடித்து நிறுத்தப்பட்டதன்று. நாடு கடத்தப்பட்டோரைத் தொடர்ந்து அதுவும் வந்துவிட்டது.

அதே காலத்தில் எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனில் வாழ்வோர்க்கு ஒரு மடல் விடுத்தார். இரண்டே ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் என்று சிலர் ஆசை காட்டிய வேளை அது. எரேமியாவோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்றார். அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுப் பயன் துய்யுங்கள், மணம் முடித்து மக்களைப் பெறுங்கள் என்று அறிவுறுத்தினார். அதற்கும் மேலாக, நீங்கள் வாழும் அந்த அயல் நகரின் நலத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலமும் அடங்கியுள்ளது என்று எழுதினார்.

இன்னும் ஓரிரு ஆண்டில் மாற்றல் கிடைத்துவிடும், ஓய்வு பெற்றதும் ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று அரைமனத்தோடு இருபது முப்பது ஆண்டுகளை வேற்றூரில் கழிக்கும் நமக்கு இம்மடல் நேரே எழுதப்பட்டது போல் உள்ளது. நம் தெருவின் குழாயடிச் சிக்கலும், அண்டை வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தின் நோயும் நமக்குப் புறம்பானவை என்று இருக்க இயலாது. இறைவன் இந்நகரிலும் உளன் என்றால், இந்நகரும் நம் பொறுப்பே.

யானையும் சிட்டுக்குருவியும்

நம்பிக்கையாக முகிழ்த்ததைத் தத்துவமாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் அகுஸ்தீன். கி.பி. 354இல், வட ஆப்பிரிக்காவில் இன்றைய அல்ஜீரியாவைச் சேர்ந்த ஓர் ஊரில் பிறந்தவர். தம் வாழ்க்கை வரலாற்றைக் 'கன்பெஷன்ஸ்' என்னும் நூலில் இறைவனை முன்னிலைப்படுத்தி எழுதினார். இளமையில் தாம் இறைவனை எங்ஙனம் கற்பனை செய்திருந்தார் என்பதை அதில் விளக்குகிறார். எல்லையற்ற ஒரு கடல். அதனுள் மிதக்கும் ஒரு கடற்பஞ்சு. கடல் இறைவன், பஞ்சு உலகம். பஞ்சின் ஒவ்வொரு துளையிலும் கடல் நீர் நிறைந்திருப்பது போல உலகெங்கும் இறைவன் நிறைந்துள்ளான் என்பது அக்கற்பனை.

கேட்பதற்கு இனிய இவ்வுவமையைப் பின்னர் அவரே தள்ளிவிட்டார். காரணம் நுட்பமானது. இறைவன் நீரைப் போல இடத்தில் பரவியிருப்பாராயின், பெரிய பொருளில் மிகுதியாகவும் சிறிய பொருளில் குறைவாகவும் இருப்பார். அவ்வாறாயின் சிட்டுக்குருவியின் உடலினும் யானையின் உடலில் இறைவன் கூடுதலாக இருப்பதாகிவிடும்! இது பொருந்தாது. ஆகவே இறைவன் துண்டு துண்டாய்ப் பரவியிருக்கவில்லை. எவ்விடத்தும் முழுமையாகவே இருக்கிறார் என்று அவர் முடிவு கண்டார். யானைக்குள் எத்துணை முழுமையோ குருவிக்குள்ளும் அத்துணை முழுமை. உலகியலில் இதன் விளைவு பெரிது. அமைச்சரின் மாளிகையில் இருக்கும் இறைவன் அரைக்கால் வீசம் அளவும் குறையாமல் சேரிக் குடிசையில் இருக்கிறான்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை மேலும் வகுத்துரைத்தார். அரசனின் ஆணை நாடு முழுதும் செல்கிறது. அவன் பார்வை அவனுடைய மாளிகைக்குள் படுகிறது. அவன் உடலோ அவன் அமர்ந்த இருக்கையில் மட்டும் உள்ளது. இறைவனுக்கு இம்மூன்றும் ஒன்றே. ஆற்றலாலும், அறிவாலும், உள்ளமையாலும் அவர் எங்கும் உளர். ஞாயிறு ஒளிரும்வரை காற்றுவெளி ஒளி பெறுவது போல, அவர் தரும்வரையே பொருள்கள் 'இருத்தல்' என்பதைப் பெறுகின்றன. ஆகையால் ஒரு பொருள் இருக்கிறது என்றாலே அதன் ஆழத்தில் அவர் செயற்படுகிறார் என்பது பெறப்படும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். உலகம் இறைவனுக்கு உடல் என்பது இராமானுசர் நெறி. எல்லாம் பிரம்மமே என்பாரும் உளர். கிறித்தவ சமயமோ படைத்தவரும் படைப்பும் வேறு என்பதில் உறுதியானது. மரத்தில் இறைவன் உளர், மரம் இறைவனன்று. நெருக்கமும் வேற்றுமையும் ஒருங்கே நிற்பது இக்கொள்கையின் தனித்தன்மை.

உறைவதும் இருப்பதும்

இனி, கோயில் எதற்கு என்னும் வினா. அகுஸ்தீன் தம் மடல் ஒன்றில் இதற்கு விடை தருகிறார். இறைவன் எங்கும் இருக்கிறார்; எல்லாரிடத்தும் உறைகிறார் என்று சொல்வதற்கில்லை. இருத்தல் வேறு, உறைதல் வேறு. ஒரே வீட்டில் இருவர் இருக்கலாம். பேச்சு வார்த்தை இன்றி ஆண்டுக்கணக்கில் இருக்கவும் கூடும். ஒருவரையொருவர் அறிந்து அன்பு செய்யும்போதே அது குடும்பமாகிறது. கோயில், இறைவன் வரும் இடம் என்பதினும் நாம் வந்து சேரும் இடம் என்பதே பொருந்தும். நான்கு திசையிலும் சிதறிய நம் நெஞ்சம் ஒருமுகப்படுவதற்கு ஓரிடமும் ஒரு நேரமும் நமக்குத்தான் தேவை.

யோவான் எழுதிய நற்செய்தியில், கிணற்றங்கரையில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் இவ்வினாவையே எழுப்புகிறாள். எங்கள் முன்னோர் இம்மலையில் வழிபட்டனர், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள், எது சரி? மலையும் எருசலேமும் முடிவான விடையாகா, உள்ளத்திலும் உண்மையிலும் வழிபடும் காலம் வருகிறது என்பதே அவள் பெற்ற விடையின் சாரம். தன் குலத்தவர் தண்ணீர் வாங்கிப் பருகத் தயங்கும் ஒரு பெண்ணிடம், அதுவும் நண்பகலில் ஒரு கிணற்றடியில், இவ்வுயர்ந்த உரை நிகழ்ந்தது என்பதும் எண்ணற்குரியது.

எங்கும் உள்ளவர் பெத்லகேமில் ஒரு குழந்தையாய்ப் பிறந்தார் என்பது முரணன்றோ என்றும் கேட்பர். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார் இதற்கு விடையளித்தார். உடலில் வந்தமையால் அவர் உடலுக்குள் அடைபட்டுவிடவில்லை. உடலில் இருந்துகொண்டே அனைத்தையும் தாங்கி நின்றார் என்பது அவர் துணிபு.

துன்பத்தின் நடுவே

எஞ்சி நிற்பது கடினமான வினா. 1943 சூலையில் செர்மனியின் ஆம்பர்க் நகரம் வான்குண்டுகளால் தீக்கிரையாயிற்று. அங்கே படைப் பணியில் இருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவனின் அருகில் நின்ற தோழன் குண்டுவீச்சில் மாண்டான், இவன் பிழைத்தான். சமயப்பற்று அதிகமில்லாக் குடும்பத்தில் வளர்ந்த அவன், கடவுளே நீர் எங்கே என்று அன்றிரவு முதன்முதலாகக் கேட்டான். பின்னர்ப் போர்க் கைதியாய் ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது, கையில் கிடைத்த விவிலியத்தில் சிலுவையில் இயேசு எழுப்பிய ஓலத்தைப் படித்தான். இறைவன் தன்னைக் கைவிட்டதாக அங்கே கதறுகிறவர் இயேசுவே. தன் வினாவைத் தனக்கு முன்பே கேட்டவர் ஒருவர் உண்டு என்று அவன் உணர்ந்தான். அவ்விளைஞனே 1972இல் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்று பொருள்படும் தலைப்பில் புகழ்பெற்ற நூலை எழுதிய யூர்கன் மோல்ட்மன். 2024இல் அவர் மறைந்தார்.

துன்பம் ஏன் என்பதற்கு இது விளக்கமாகாது. மகனை இழந்த தாயிடம் இறைவன் எங்கும் உளன் என்று உபதேசிப்பது ஆறுதலாகாது. சில வேளை கொடுமையும் ஆகும். இறைவன் இல்லாதது போல் தோன்றும் இடத்துக்கும் அவர் சென்றிருக்கிறார் என்பது மட்டுமே கிறித்தவர் கூறத் துணிவது. அந்தத் தாயின் பக்கத்தில் சொல்லின்றி அமர்ந்திருக்கும் அண்டை வீட்டாரே, அவ்வேளையில், அக்கொள்கைக்குச் சரியான உரையாசிரியர்.

அடுப்படியும் கோப்பும்

17ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத் துறவு மடம் ஒன்றில் லாரன்சு என்னும் எளிய சகோதரர் வாழ்ந்தார். முன்னாள் படைவீரர், கால் ஊனமுற்றவர். மடத்துச் சமையற்கட்டில் பல ஆண்டுகள் உழைத்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பில் பிடிக்காத ஒன்று. ஆயினும் பாத்திரங்களின் ஓசைக்கும் பலரின் அழைப்புக்கும் நடுவே, வழிபாட்டு வேளையில் உள்ள அதே அமைதியோடு இறைவனின் அண்மையை உணர்ந்ததாக அவர் கூறினார். 1691இல் அவர் மறைந்த பின்னர், அவருடைய மடல்களும் உரையாடல்களும் தொகுக்கப்பெற்று உலகம் அறிந்த சிறுநூலாயின.

கோப்புகளிடையே நாள் கழிக்கும் நம் போன்றோர்க்கு இச்சகோதரர் நல்ல வழிகாட்டி. அலுவலகத்தில் மேலதிகாரி வந்து நிற்கையில் பேனா விரைகிறது. அவர் நகர்ந்ததும் பேச்சு வளர்கிறது. எங்கும் உள்ள இறைவனையும் அத்தகைய மேலதிகாரியாக எண்ணினால், எஞ்சுவது அச்சம் ஒன்றே. அச்சத்தால் ஒருவன் கையூட்டு வாங்காதிருக்கலாம். அன்பால் ஒரு கோப்பை நகர்த்த மாட்டான். 139ஆம் திருப்பாடலைப் பாடியவரும் முதலில் தப்பியோட வழி தேடுகிறார். விண்ணிலும் பாதாளத்திலும் கடலின் கடைக்கோடியிலும் இடமில்லை என்று காண்கிறார். இறுதியிலோ, என்னை ஆராய்ந்து நல்வழியில் நடத்தும் என்று தாமே முன்வந்து வேண்டுகிறார். கண்காணிப்பாகத் தோன்றியது துணையாக மாறிவிட்டது.

மத்தேயு நற்செய்தியில் வரும் இறுதித் தீர்ப்பின் காட்சியும் இதையே வலியுறுத்தும். பசித்தவன், தாகமுற்றவன், அயலான், ஆடையற்றவன், நோயாளி, சிறைப்பட்டவன் ஆகியோர்க்குச் செய்ததும் செய்யாததும் தமக்கே உரியவை என்கிறார் தீர்ப்பு வழங்குபவர். எங்கும் உள்ளவர் எங்கே எளிதில் காணப்படுவார் என்பதற்கு அங்கே முகவரி கிடைக்கிறது. குடும்ப ஓய்வூதியம் வேண்டி மூன்றாம் முறையாக வந்து, சாளரத்துக்கு வெளியே வெயிலில் நிற்கும் கைம்பெண்ணின் விண்ணப்பம் நம் மேசைமேல் இருக்குமாயின், அன்றைய நமது வழிபாடு அம்மேசையில்தான் தொடங்க வேண்டும்.

தொலைவு என்பது

கி.பி. 387இல் அகுஸ்தீனின் தாயார் மோனிக்கா, இத்தாலியின் ஆஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றார். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பக் கப்பலை எதிர்நோக்கியிருந்த வேளை அது. ஊரில் கணவரின் கல்லறைக்கு அருகே தமக்கென ஓரிடத்தை முன்பே ஒதுக்கி வைத்திருந்தவர் அவர். சொந்த மண்ணில் உயிர் பிரிந்தால் நன்றாயிருக்குமே என்று மற்றொரு மகன் கூற, அன்னையோ இவ்வுடலை எங்கேனும் அடக்குங்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டா என்றார். சொந்த ஊரினின்று இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச்செல்ல அச்சமில்லையா என்று நண்பர்கள் முன்னொரு நாள் கேட்டதற்கு, இறைவனுக்குத் தொலைவான இடம் எதுவுமில்லை என்று அவர் மறுமொழி தந்திருந்தார். ஐம்பத்தாறாம் வயதில் அவ்வயல் துறைமுகத்திலேயே அவர் கண் மூடினார்.

நம் பெற்றோரை இங்கே அழைத்து வந்து வைத்திருக்கிறோம். மொழி தெரியாத தெருவைப் பால்கனியிலிருந்து பார்த்தபடி, கடைசிக் காலத்தில் ஊருக்குக் கொண்டுபோய்விடு என்று அவர்கள் கேட்பதுண்டு. இயன்றவரை அவ்விருப்பத்தை நிறைவேற்றுவது நம் கடன். இயலாது போகும் நாளில் மோனிக்கா அன்னையின் விடை நமக்குக் கைகொடுக்கும். அவ்விடையை ஒருவர் உண்மையாக உணர வேண்டுமாயின், எங்கும் உளன் என்று ஓதக் கேட்டால் மட்டும் போதாது. வேற்றூரில் தம் பக்கத்தில் அமர்ந்து கைபற்றிப் பேசும் ஒரு மனிதரையேனும் அவர் கண்டிருக்க வேண்டும். அம்மனிதராய் இருப்பது நம் ஒவ்வொருவர்க்கும் இயல்வதே.